அடிமண்ணைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

(வானொலிப் பேச்சு)

மண் பரிசோதனை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? வயலில் நாலைந்து இடத்தில் குழி வெட்டி, அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவீர்கள். தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, சாம்பல் சத்து இவ்வளவு என்று எழுதி வரும். இது உங்களுக்குப் பழகின பரிசோதனை. ஆனால் மண்ணுக்கு இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. இந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், நனைந்தால் என்ன ஆகும், காய்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற பரிசோதனை அது. அதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. புவித் தொழில்நுட்பப் பொறியியல் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் மண் பொறியியல் என்றே சொல்லிக் கொள்வோமே.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நீங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் மேல்மண்ணை எங்கள் ஆட்கள் முதல் வேலையாக வழித்து ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். மக்கு நிறைந்த மண் பயிருக்கு உயிர், கட்டடத்துக்கு ஆகாது. மக்கு மக்க மக்க மண் அமுங்கும். எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஏர் தொடாத அடிமண்தான்.

“மண்ணைப் பத்தி எங்களுக்கே பாடமா?” என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் இந்தப் படிப்பில் கற்றதில் பாதி, சேற்றில் கால் வைத்தவர்களுக்கு முன்னமே தெரிந்தது. மீதிப் பாதி தெரியாததனால் எங்கள் வீட்டிலேயே ஒரு நஷ்டம் வந்தது. அதையே முதலில் சொல்கிறேன்.

பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடி என் ஊர். எங்கள் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அதில் ஒரு மூலையில் சவுடு கொட்டி மேடாக்கி, ஓட்டு வீட்டை விட்டு வந்து தளம் போட்ட வீடு கட்டினார். வேலை ஆரம்பித்தது சித்திரையில். கொத்தனார் மூன்றடி ஆழம் கடைகால் தோண்டினார். அதற்குக் கீழே கடப்பாறை இறங்கவில்லை. “அண்ணே, பாறை கணக்கா இருக்கு. இதுக்குமேல தோண்டினா காசுக்குக் கேடு” என்றார். அப்பாவும் சரி என்றார். சேர்த்து வைத்த பணம், அம்மாவின் நகை, போதாததற்குக் கடன், எல்லாம் அந்த வீட்டுக்குள் போயிற்று.

அடுத்த ஐப்பசியில் சமையலறைக் கதவு சாத்த மறுத்தது. இழைப்புளி போட்டுச் சீவி மூடினோம். தை மாதம் பார்த்தால் அதே கதவில் விரல் நுழையும் சந்து! பிறகு ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு வெடிப்பு, மாடிப்படி மாதிரி செங்கல் செங்கலாக இறங்கி வந்தது. பூசினோம். மறுவருஷமும் அதே இடத்தில் வெடித்தது. அம்மா திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினாள். அப்பா கொத்தனாரைத் திட்டினார். கொத்தனார் சிமெண்டைக் குறை சொன்னார். உண்மையில் சிமெண்ட் மேலும் குற்றமில்லை, கண் திருஷ்டியும் இல்லை. பல வருஷம் கழித்து நான் இந்தப் படிப்புப் படித்த பிறகுதான் விளங்கியது.

சித்திரையில் பாறை போல் இருந்ததே, அது பாறை இல்லை. காய்ந்த களிமண். நஞ்சையில் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கைவிட்டால் முழங்கை வரைக்கும் போகும். அதே வயல் மழைக்குப் பிறகு வெடிப்பெல்லாம் மூடி உப்பி நிற்கும். சில வகைக் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், தண்ணீரை இழந்து சுருங்கும். நம் மாநிலத்துக் கரிசல் மண் இதில் பேர் பெற்றது. வயலில் இது கெடுதல் இல்லை. வீட்டுக்கு அடியில் இப்படி மூச்சு விட்டால் சுவர் என்ன செய்யும்?

அதிலும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக உப்பினால் வீடு மொத்தமாக ஒரு நூல் ஏறி இறங்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தெற்கே சமையலறைத் தண்ணீர் விழும் இடத்தில் அம்மா வாழை வைத்திருந்தாள். அந்த மண் வருஷம் முழுவதும் நனைந்தே இருந்தது. வடக்கே சுவரிலிருந்து ஆறடியில் ஒரு வேப்ப மரம். அது வேரால் உறிஞ்சி அந்தப் பக்கத்து மண்ணைக் காய வைத்தது. ஒரு பக்கம் தூக்க, ஒரு பக்கம் இறங்க, நடுவில் சுவர் பிளந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் அடி நீளச் சுவரை எடுத்துக் கொள்ளுங்கள். கடைகால், சுவர், அதன் பங்குக்கு வரும் தளம் எல்லாம் சேர்ந்து, தளம் போட்ட ஒற்றை மாடி வீட்டில் ஏறக்குறைய 1 டன் பாரம் வரும். அதை மூன்றடி அகலக் கடைகாலில் பரப்பினால் சதுர அடிக்கு மூன்றில் ஒரு பங்கு டன்தான். சாதாரணமான களிமண்ணே இதைத் தாங்கிவிடும். ஆகவே நம் சின்ன வீடுகளுக்குப் பாரம் பெரிய எதிரி இல்லை. தண்ணீர்தான் எதிரி. லேசான கட்டடத்தை உப்புகிற மண் சுலபமாகத் தூக்கிவிடும். மோட்டார் ரூமும் மதில் சுவரும் வீட்டுக்கு முந்தி வெடிப்பதற்கு இதுதான் காரணம்.

உங்கள் மனையில் இருப்பது உப்புகிற மண்ணா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக் கொள்ளலாம். கடைகால் ஆழத்திலிருந்து மண் எடுத்து, நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். ஒரே அளவான இரண்டு நேர்க் கண்ணாடிக் குடுவையில் மண்ணைச் சம அளவு போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் முழுக்க ஆடாமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மண்ணெண்ணெயில் 2 சென்டிமீட்டரும் தண்ணீரில் 3 சென்டிமீட்டரும் நின்றால் பாதிக்குப் பாதி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மண்ணில் யோசிக்காமல் கடைகால் போடக் கூடாது. இரண்டும் ஒரே உயரம் நின்றால் அந்தக் கவலை இல்லை. ஆய்வுக்கூடத்திலும் இதையே நிறுத்து, அளவுக் குழாயில் போட்டுச் செய்கிறார்கள்.

உப்புகிற மண்ணாக இருந்தால் என்ன செய்வது? மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் மண் அசையாது. கரிசலில் அது ஏறக்குறைய 11, 12 அடி. அவ்வளவு ஆழம் சுவருக்காக வாய்க்கால் தோண்டினால் கட்டுப்படியாகாது. அதற்காக ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950களிலிருந்து ஒரு முறையை ஆராய்ந்து பரப்பியது. கையால் சுழற்றும் துளைக்கருவியால் ஓர் அடி விட்டத்தில் அந்த ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் மட்டும் இரண்டரை மடங்கு அகலமாகக் குடம் போலக் குடைந்து, கம்பி இறக்கிக் காங்கிரீட் போடுவது. மேல்மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் அடிக்குடம் பிடித்துக் கொள்ளும். துளைகளுக்கு மேலே பீம் போட்டு அதன்மேல் சுவர். பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே மூன்று அங்குலம் சந்து விட வேண்டும், மறந்துவிடாதீர்கள். மண் உப்ப இடம் வேண்டாமா?

ஏற்கெனவே வெடித்த வீட்டுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சமையலறைத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தோட்டத்துக்கோடிக்குக் கொண்டு போனோம். வாழையை எடுத்தோம். வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டோம். வேம்பை வெட்டவில்லை. பெரிய மரத்தைத் திடீரென்று வெட்டினால், அது காய வைத்திருந்த மண் திரும்ப உப்பி வேறு வம்பு வரும். கிளையை மட்டும் கழித்து விட்டோம். வெடிப்பின் இரு கரையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்தும் கோடு நகரவில்லை. அப்புறம்தான் பூசினோம். அவசரப்பட்டுப் பூசுவதில் பிரயோஜனம் இல்லை.

இப்போது பாரத்துக்கு வருவோம். கீழே ஒரு வீடு, பிறகு மகனுக்கு மேலே ஒரு மாடி, அதற்கு மேலே வாடகைக்கு ஒன்று என்று நம் பக்கத்தில் வீடுகள் வளர்கின்றன. அப்போது பாரமும் கணக்குக்கு வந்துவிடும். கட்டட விதிகளில் பொறியாளர்களுக்கே ஒரு கைமுறை சொல்லியிருக்கிறது. களிமண்ணில் கட்டை விரலை அழுத்துங்கள். விரல் சுலபமாகப் பல சென்டிமீட்டர் உள்ளே போனால் அது சதுர அடிக்கு அரை டன்தான் தாங்கும். மிதமாக அழுத்திப் பள்ளம் விழுந்தால் சுமார் 1 டன். பலமாக அழுத்தினால்தான் பதிகிறதென்றால் ஏறக்குறைய ஒன்றரை டன். விரல் பதியாமல் நகம் மட்டும் பதிந்தால் 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல். இது தோராயமே. ஆனால் சித்திரையில் விரலை வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், எங்கள் அப்பா மாதிரி! ஐப்பசி, கார்த்திகையில் குழி வெட்டிப் பாருங்கள். மண்ணின் மெய்யான பலம் அது நனைந்திருக்கும்போதுதான் தெரியும்.

பாரம் வைத்ததும் மண் உடனே அமுங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அரிசியைக் களைந்து கூடையில் கொட்டினால் தண்ணீர் உடனே வடிகிறது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ராத்திரி முழுக்கச் சொட்டுகிறது. மணல் அரிசி ஜாதி. களிமண் தயிர் ஜாதி. மணல்மேல் கட்டினால் அமுங்க வேண்டியதெல்லாம் கட்டுகிறபோதே அமுங்கிவிடும். களிமண்மேல் கட்டினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிதுங்கி வெளியேற வருஷக்கணக்கில் ஆகும். வீடும் வருஷக்கணக்கில் இறங்கும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் கார்ல் டெர்சாகி. பிராக் நகரில் பிறந்தவர். இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது சுருட்டுப் பெட்டியைக் கூடக் கருவியாக்கி மண்ணைச் சோதித்தவர். 1925இல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் இந்தப் படிப்பே பிறந்தது என்பார்கள். நம் பெண்கள் தயிர் தொங்கவிட்டது அதற்கு எத்தனையோ காலம் முந்தி.

பெரிய கட்டடம் என்றால் கட்டை விரல் போதாது. குமணன்சாவடி வழியாக மெட்ரோ ரயில் பாதைக்குத் தூண்கள் எழும்பியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை சுமார் 26 கிலோமீட்டர் தடம் அது. இப்படிப்பட்ட வேலைக்குத் தூண் எழும்புவதற்கு வெகு முன்னாலேயே, சாலையோரம் முக்காலி மாதிரி மூன்று குழாயை நட்டு, கயிற்றில் ஓர் இரும்புக் குண்டை டொக் டொக்கென்று போட்டுக் கொண்டிருப்பார்கள். “போர் போடறாங்க போல, தண்ணி வருமா?” என்று கேட்டுவிட்டுப் போவோம். அதுதான் பரிசோதனை. 63.5 கிலோ குண்டு, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். துளையின் அடியில் நிற்கும் குழாயை முதல் 15 சென்டிமீட்டர் இறக்குவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். நாலே அடியில் இறங்கினால் மண் தொளதொள. ஐம்பது அடித்தும் இறங்கவில்லையென்றால் கெட்டி. ஒவ்வோர் ஆழத்திலும் எண்ணி, குழாய்க்குள் ஏறிய மண்ணையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போவார்கள். அதை வைத்துத்தான் தூணின் கால் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது.

நமக்குப் பக்கத்திலேயே, போரூரிலிருந்து குன்றத்தூர் போகும் வழியில் மௌலிவாக்கத்தில், 28 ஜூன் 2014 அன்று கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும். மண்ணை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கட்டட அமைப்பைப் பற்றியும் பலத்த கேள்விகள் எழுந்தன. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உங்களிடம் மனை வாங்கி அடுக்குமாடி கட்டுகிறவர் எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழம் துளை போட்டுப் பார்த்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பக்கத்து வீடு உங்கள் வீடு அல்லவா?

அடியில் கெட்டி மண்ணே கிடைக்காத இடத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். ஆற்று மணலைப் பாருங்கள், எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். காவிரியில் கல்லணை கட்டியவர்கள் மணல்மேல் பெரும் பாறைகளைப் போட்டார்கள். அவை மணலுக்குள் புதைந்தன. அதன்மேல் இன்னும் போட்டார்கள். இனிமேல் புதையாது என்ற நிலை வந்ததும் அதுவே அஸ்திவாரமாயிற்று. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த ஊர்க்காரர்களிடம் கற்றதாக ஆர்தர் காட்டன் துரையே ஒப்புக்கொண்டிருக்கிறார். உறைக் கிணறு எப்படி இறக்குகிறோம்? உறையை மேலே வைத்து, உள்ளே இருக்கும் மணலை வாரினால், தன் பாரத்தில் தானே இறங்குகிறது. அதே மாதிரி மணலில் கிணறுகளை வரிசையாக இறக்கி நிரப்பி, அதன்மேல் கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையை எழுப்பினார். 1836இல் முடிந்த அந்த அணை, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒரு பகுதி சரியும்வரை 182 வருஷம் நின்றது. ஆற்றுப் பாலங்களுக்கு இன்றும் கிணற்று அஸ்திவாரம் போடுகிறார்கள்.

ஏரிக்கரைக்கு வருகிறேன். இது உங்கள் எல்லோருக்கும் சொந்த விஷயம். செம்பரம்பாக்கம் ஏரி நமக்கு மேற்கே கூப்பிடு தூரம். 24 அடி ஆழத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது மண்கரைதான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீரை அதிலிருந்து திறந்து விட்டார்கள். அடையாற்றங்கரையில் எத்தனையோ குடும்பங்கள் அல்லல்பட்டன. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மண்கரைக்குமேல் தண்ணீர் வழிய மட்டும் ஒருபோதும் விடக் கூடாது. கல் அணைமேல் வழிந்தால் அணை நிற்கும். மண்கரைமேல் வழிந்தால் சில மணி நேரத்தில் கரையே கரைந்து போகும். கலங்கல் வைத்திருப்பதே அதற்காகத்தான். அதை அடைத்துத் தண்ணீரை உயர்த்திக் கொள்ளும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. பெரிய ஆபத்து அது.

கரையின் வெளிப்புறம் கசிவு கண்டால் முதலில் கையில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீராக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளேயிருந்து மண்ணைச் சுமந்து கொண்டு வருகிறது, வளை பெரிதாகிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிமிஷமே அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். ஊற்றின் வாயை மண் கொட்டி அடைக்கப் பார்க்காதீர்கள், அது பக்கத்தில் பிய்த்துக் கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையைக் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற வேகம் தணியும், மண் வருவது நிற்கும். வண்டல் எடுக்கும்போது கரையின் காலடியில் தோண்டவே வேண்டாம். காலை வெட்டினால் உடம்பு நிற்குமா?

கரையைப் பலப்படுத்தும்போது ஒரே மூச்சில் லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால் அது கரை அல்ல, குப்பை. அரை அடி, முக்கால் அடியாகப் பரப்பி ஒவ்வோர் அடுக்காகத் திமிசு போட வேண்டும். ஈரமும் பதமாக இருக்க வேண்டும். கைப்பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. காய்ந்த மண்ணும் இறுகாது, சேறும் இறுகாது. 1933இல் அமெரிக்காவில் பிராக்டர் என்ற பொறியாளர் இந்தப் பதத்தை அளந்து எழுதினார். இதற்கென்று ஆட்டுக்கால் ரோலர் என்று ஒரு இயந்திரமும் இருக்கிறது. கிடை போட்ட நிலம் ஆட்டுக் குளம்பு பட்டு இறுகிக் கிடக்குமே, அதே வித்தை. உருளை முழுக்கக் குளம்பு குளம்பாக முளைத்திருக்கும்.

கடைசியாகக் குழி. இதைச் சொல்லாமல் போனால் என் மனசு ஆறாது. களத்தில் நெல்லைக் குவித்தால் ஒரு சரிவில் நின்று கொள்கிறது. மணலும் அப்படித்தான், அதை நேராக வெட்டி நிறுத்த முடியாது. களிமண் நேராக நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் ஆட்கள் உள்ளே இறங்குகிறார்கள். ஆனால் அது இன்றைக்கு நிற்கும், ஒரு மழைக்குப் பின் நிற்காது, சொல்லாமல் கொள்ளாமல் சரியும். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய 2 டன். நெஞ்சுவரை மூடினாலே மூச்சு விட முடியாது. ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கத்துக்குப் பலகையும் முட்டும் கொடுங்கள், இல்லையென்றால் சரிவாக வெட்டுங்கள். எடுத்த மண்ணைக் குழியின் வாயிலேயே குவிக்காமல் குறைந்தது ஐந்தடி தள்ளிப் போடுங்கள். மேலே ஒரு மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் உள்ளே இருப்பவரை உடனே மேலே ஏறச் சொல்லுங்கள். கிணறு, செப்டிக் டாங்க், குழாய் பதிக்கும் வாய்க்கால் எல்லாவற்றுக்கும் இதேதான்.

பெரிதாகக் கட்டப் போகிறவர்கள், பழைய குளம், குட்டை, நஞ்சை தூர்ந்த மனையில் கட்டப் போகிறவர்கள் துளை போட்டுப் பார்த்துவிடுங்கள். தனியார் மண் பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன, பொறியியல் கல்லூரிகளிலும் செய்து தருகிறார்கள். அறிக்கை வாங்கும்போது எத்தனை அடியில் தண்ணீர் கண்டது, எந்த மாதம் துளை போட்டது, மண் உப்புமா என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கடைகால் தோண்டுகிற அன்றைக்குக் குழிக்குள் நீங்களே இறங்கி, அறிக்கையில் சொன்ன மண்தானா என்று கட்டை விரலை வைத்துப் பாருங்கள்.